ஜெயிலைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர்: டெக்சாஸை வைத்து ஓர் எளிய விளக்கம்

பள்ளிக்கூடத்தில் ‘இன்ஸ்பெக்‌ஷன்’ நடந்த நாளை மறந்திருக்க மாட்டீர்கள். முந்தின நாள் மாலையே வகுப்பறையைக் கழுவிவிட்டு, சுவரில் புது சார்ட்டுகளை ஒட்டி, பூட்டியே கிடந்த சோதனைக்கூடத்தின் மேசைகளைத் துடைத்து, “அதிகாரி கேட்டா வாரம் ரெண்டு நாள் லேபுக்குப் போறோம்னு சொல்லணும்” என்று வாத்தியார் பாடம் நடத்திவிட்டுப் போவார். வருகிற அதிகாரியும் ஒருகாலத்தில் வாத்தியாராக இருந்தவர்தான். இதெல்லாம் இன்றைக்காகப் போட்ட கோலம் என்று அவருக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டைப் புரட்டுவார். ஆறு மாதக் கையெழுத்தும் ஒரே மையில் இருந்தால் லேசாகச் சிரித்துக்கொள்வார்.

அமெரிக்காவில் இதே வேலையை ஜெயிலுக்குள் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். ‘ஜெயில் கம்ப்ளையன்ஸ் இன்ஸ்பெக்டர்’ என்று பதவியின் பெயர். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். தமிழில் சிறை விதிமுறை ஆய்வாளர் என்று வைத்துக்கொள்வோம். இன்ஸ்பெக்டர் என்றதும் காக்கியும் லத்தியும் நினைவுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். இவர் யாரையும் கைது செய்வதில்லை, எந்த வழக்கையும் துப்புத் துலக்குவதில்லை. சட்டம் சொன்னபடி ஜெயில் நடக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொடுப்பது மட்டுமே வேலை. அந்த ‘மட்டுமே’வுக்குள் நிறைய விஷயம் இருக்கிறது.

மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறு என்பதால் டெக்சாஸை எடுத்துக்கொள்கிறேன். அங்கே இதற்கென்றே ஓர் ஆணையம் இருக்கிறது. விதிகளும் எண்களோடு இருப்பதால் புரிந்துகொள்ள வசதி.

ஜெயில் வேறு, பிரிசன் வேறு

நமக்கு எல்லாமே சிறைதான். அமெரிக்கர்கள் ஜெயில், பிரிசன் என்ற இரண்டு சொற்களையும் பிரித்தே பயன்படுத்துகிறார்கள். பிரிசன் என்பது மாநில அரசோ கூட்டாட்சி அரசோ நடத்துவது; தீர்ப்பாகி நீண்ட தண்டனை பெற்றவர்கள் அங்கே இருப்பார்கள். ஜெயில் உள்ளூர் சமாசாரம். கவுண்டி என்ற உள்ளூர் நிர்வாகத்தின் கையில் இருக்கும். டெக்சாஸில் பெரும்பாலும் அதை நடத்துபவர் ஷெரிஃப், அதாவது கவுண்டியின் காவல் தலைவர். நேற்றிரவு கைதானவர், ஜாமீனுக்குப் பணமில்லாதவர், விசாரணைக்குக் காத்திருப்பவர், சில மாதத் தண்டனை பெற்றவர் எல்லாரும் அதற்குள்தான். நம்மூர்க் கிளைச் சிறைக்கும் மத்திய சிறைக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொண்டால் ஏறத்தாழ சரியாக வரும்.

2023ஆம் ஆண்டின் நடுவில் அமெரிக்க ஜெயில்களில் சுமார் 6,64,000 பேர் இருந்தார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். பிரிசனுக்குப் போகிறவருக்கு ஒரு கோப்பு இருக்கும். அவருக்கு என்ன வியாதி, என்ன மருந்து என்று அதில் எழுதியிருக்கும். ஜெயிலுக்கு வருகிறவர் நேராகத் தெருவிலிருந்து வருகிறார். குடித்திருக்கலாம். போதை மருந்து திடீரென்று நின்றுபோய் உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கலாம். இன்சுலினை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். முதல்முறையாகக் கம்பிக்குள் நுழைந்த அதிர்ச்சியில் செத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். உள்ளே வாங்கிக்கொள்ளும் காவலருக்கு இவை எதுவும் தெரியாது. ஜெயிலில் முதல் சில மணி நேரமும் முதல் சில நாட்களும் ஏன் ஆபத்தானவை என்பது இதில் விளங்கும். ஆய்வாளரின் கண் அதிகம் போவதும் அந்த இடத்துக்குத்தான்.

வெளியாள் எதற்கு?

ஷெரிஃப் தேர்தலில் ஜெயித்து வருபவர். ஜெயிலுக்குப் பணம் ஒதுக்கும் கவுண்டி ஆணையர்களும் தேர்தலில் வருபவர்கள்தான். பணத்தில் பெரும்பகுதி சொத்து வரி. ஹூஸ்டனிலும் டாலஸிலும் வீடு வாங்கிய நம் ஆட்கள் வருஷா வருஷம் முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிற அதே வரி. அந்தப் பணத்தில் சாலை போட்டால் ஓட்டு விழும். ஜெயிலில் இரவுப் பணிக்கு இன்னும் பத்துக் காவலரைச் சேர்த்தால் எவர் ஓட்டுப் போடப் போகிறார்? ஆகவே வெட்டு விழும்போதெல்லாம் முதலில் ஜெயிலில் விழும்.

டெக்சாஸில் ஜெயில் எப்படி இருக்க வேண்டும் என்று 1957இலேயே சட்டம் எழுதிவிட்டார்கள். எழுதியதோடு சரி, பெரும்பாலான இடங்களில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. டாலஸ் கவுண்டி ஜெயில் கைதிகள் தொடுத்த வழக்கு கூட்டாட்சி நீதிபதி சாரா ஹியூஸிடம் வந்தது. கென்னடி சுடப்பட்ட அன்று விமானத்துக்குள் லிண்டன் ஜான்சனுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தாரே, அதே அம்மையார். உங்கள் மாநிலம் இயற்றிய சட்டத்தையே உங்கள் ஜெயில் மீறிக்கொண்டிருக்கிறது, சரிசெய்யுங்கள் என்று 1972இல் அவர் உத்தரவு போட்டார். இப்படியே விட்டால் கவுண்டிகள் ஒவ்வொன்றாகக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் படியேற வேண்டிவரும் என்ற நிலை. 1975இல் டெக்சாஸ் சட்டமன்றம் சிறைத் தர ஆணையம் ஒன்றை அமைத்தது.

ஆணையத்துக்கு ஆளுநர் நியமிக்கும் ஒன்பது உறுப்பினர்கள். அதில் ஷெரிஃப்களும் உண்டு, பொதுமக்கள் தரப்பினரும் உண்டு. ஊர் ஊராகப் போகும் ஆய்வாளர்கள் இந்த ஆணையத்தின் ஊழியர்கள். சோதிக்கப்படும் கவுண்டியிடமிருந்து அவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. வேலையின் அடிப்படையே அதுதான் என்பேன். டெக்சாஸில் 254 கவுண்டிகள், சோதிக்க வேண்டிய ஜெயில்கள் சுமார் 240. சாண்ட்ரா பிளாண்ட் விவகாரம் வெடித்த 2015 வாக்கில் இத்தனைக்கும் இருந்த ஆய்வாளர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அந்தப் பெயருக்குப் பிறகு வருகிறேன்.

அதிகாரம் எங்கே முடிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில் பலரும் குழம்புவார்கள். கவுண்டி ஜெயில்களும், கவுண்டிக்காகத் தனியார் நடத்தும் ஜெயில்களும் ஆணையத்தின் கீழ் வரும். மாநிலப் பிரிசன், கூட்டாட்சிச் சிறை, நகரப் போலீஸின் லாக்கப் அறை எதுவும் வராது. இதனால் ஒரு விசித்திரம் உண்டு. கவுண்டி ஜெயிலில் ஆட்கள் இருக்கும் பகுதியின் வெப்பநிலை 65 முதல் 85 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள், நம் கணக்கில் 18 முதல் 29 டிகிரி செல்சியஸுக்குள், இருக்க வேண்டும். தெர்மாமீட்டரோடு வந்து பார்ப்பார்கள். அதே மாநிலத்தின் பிரிசன்களுக்கு இந்த விதி கிடையாது. டெக்சாஸ் கோடையில் ஏசி இல்லாத கட்டடங்களில் ஆயிரக்கணக்கானோர் வேகிறார்கள். இது அரசியலமைப்புக்கு முரணாகத்தான் தெரிகிறது என்று 2025 மார்ச்சில் ஒரு கூட்டாட்சி நீதிபதி சொன்னார், ஆனால் உடனே ஏசி போடச் சொல்லி உத்தரவிடவில்லை. விசாரணைக் கைதியாக ஜெயிலில் இருக்கும்வரை கிடைத்த குளிர்ச்சி, தண்டனை உறுதியாகிப் பிரிசனுக்குப் போன அன்றைக்கு நின்றுபோகலாம்.

கையில் இருக்கும் எண்கள்

ஆய்வாளர் தன் மனசாட்சியை வைத்து மார்க் போடுவதில்லை. ‘கைதிகளை மரியாதையாக நடத்த வேண்டும்’ என்ற மாதிரி வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒருவரைத் தவறு செய்தவர் என்று சொல்ல முடியாது. அதனால் விதிகள் அளக்கக்கூடியவையாக எழுதப்பட்டிருக்கின்றன.

மிகவும் பேசப்படுவது 48 என்ற எண். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கைதிகள் இருக்கும் ஒவ்வொரு மாடியிலும், 48 கைதிகளுக்கு ஒருவர் வீதம் காவலர் இருக்க வேண்டும். ‘ஒவ்வொரு மாடியிலும்’ என்ற சொல்லில்தான் சூட்சுமம். கட்டடம் முழுக்க 96 பேர், இரண்டு காவலர் என்று மொத்தக் கணக்கு காட்டித் தப்ப முடியாது. ஒரு மாடியில் 49 பேர் ஆகிவிட்டால் அந்த மாடிக்கு இன்னொரு காவலர் வேண்டும். இரவு ஒரு மணிக்கு ஒருவர் உடம்பு சரியில்லை என்று போன் செய்து லீவு போட்டால் அந்த மாடி விதி மீறியதாகிவிடும். காவலர் வேலைக்கு ஆள் கிடைக்காமல் திணறும் கவுண்டிகளுக்கு இந்த 48 பெரிய தலைவலி. (நம்மூரில் ஜெயிலர் என்றால் அதிகாரி. டெக்சாஸில் வராந்தாவில் நடக்கும் சாதாரணக் காவலரைத்தான் அப்படி அழைக்கிறார்கள். குழப்பம் வேண்டாமென்று காவலர் என்றே எழுதுகிறேன்.)

அடுத்தது 60. எந்தக் கைதியையும் அறுபது நிமிடத்துக்கு ஒருமுறையாவது நேருக்கு நேர் பார்க்க வேண்டும். கேமராவில் பார்த்தால் கணக்கில் வராது. தற்கொலை எண்ணம் உள்ளவர், மனநலம் பாதித்தவர், மற்றவர்களைத் தாக்கக்கூடியவர், வினோதமாக நடந்துகொண்டவர் ஆகியோர் இருக்கும் பகுதியில் அது முப்பது நிமிடமாகச் சுருங்கும்.

அறை அளவுக்கும் கணக்கு உண்டு: ஒருவருக்கு 40 சதுர அடி காலியிடம், கூடும் ஒவ்வொருவருக்கும் 18 சதுர அடி. நான்கு பேர் அறை என்றால் 94 சதுர அடி. நாற்பது சதுர அடி என்பது எட்டுக்கு ஐந்து. நம் வீட்டுக் குளியலறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இருபத்து நான்கு மணி நேரத்தில் மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு வேளைக்கு நடுவே பதினான்கு மணி நேரத்துக்கு மேல் போனால் இடையில் ஏதாவது கொடுக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது ஒரு மணி நேர உடற்பயிற்சி. இன்னும் போன், துணி, கடிதம், சந்திப்பு என்று பட்டியல் நீளும்.

இவையெல்லாம் ‘குறைந்தபட்ச’ விதிகள் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். பரீட்சையில் முப்பத்தைந்து மார்க் மாதிரி. தேர்ச்சி பெற்ற ஜெயில் நல்ல ஜெயில் என்று எந்த ஆய்வாளரும் எழுதித்தர மாட்டார்.

ஆய்வு நாள் எப்படிப் போகும்

பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு. புகார் வந்தாலோ, ஏற்கெனவே தவறியிருந்தாலோ, யாராவது இறந்திருந்தாலோ தனியாகவும் வருவார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் வருவதும் உண்டு. சின்னக் கவுண்டி என்றால் ஒரே நாளில் முடிந்துவிடும். டெக்சாஸில் இருபது முப்பது பேர் மட்டும் இருக்கும் ஜெயிலும் உண்டு, ஒரு சின்ன நகரமே உள்ளே இருக்கிறதோ என்று தோன்றும் ஹாரிஸ் கவுண்டி ஜெயிலும் உண்டு. பெரியதற்கு ஆட்களும் நாட்களும் அதிகம் வேண்டும்.

வந்ததும் ஜெயில் நிர்வாகியோடு ஒரு சின்னப் பேச்சு. அப்புறம் கட்டடத்தைச் சுற்றுவார். இந்தச் சுற்றலில் பாதி, ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கும் முன் நாம் செய்கிற வேலைதான்: குழாயைத் திறந்து பார்ப்பது, கழிவறையில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது, ஸ்விட்ச் போட்டுப் பார்ப்பது. பூட்டுகள் ஒரே தட்டில் திறக்கின்றனவா? அறைக்குள்ளிருந்து அழைப்புப் பொத்தானை அழுத்தினால் மறுமுனையில் யாராவது பேசுகிறார்களா? தூக்குப் போட வசதியாக எங்காவது கம்பியோ கொக்கியோ நீட்டிக்கொண்டிருக்கிறதா? சமையலறையில் ஃப்ரிட்ஜ் சூடு எவ்வளவு, உணவுப் பட்டியலை உணவியல் நிபுணர் பார்த்துக் கையெழுத்திட்டாரா?

இதில் டெக்சாஸ் அதிகம் அழுத்தம் கொடுப்பது தீ. யோசித்துப் பார்த்தால் நியாயம் புரியும். வீட்டில் தீப்பிடித்தால் கதவைத் திறந்து ஓடலாம். ஜெயிலில் இன்னொருவர் வந்து பூட்டைத் திறக்க வேண்டும். அதுவரை புகை காத்திருக்காது. அதனால் புகையை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு ஓடுகிறதா, ஜெனரேட்டர் மின்வெட்டில் தானாகவே எழுகிறதா என்று நேரில் சோதிப்பார்கள். காவலரைக் கூப்பிட்டு, முதுகில் காற்றுக் குப்பியோடு மூச்சுக் கவசத்தை மாட்டிக்காட்டச் சொல்வார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பயிற்சி நடந்ததாகப் பதிவேட்டில் இருக்கும். வார்களை எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியாமல் காவலர் தடுமாறினால் அந்தப் பதிவேட்டின் லட்சணம் அந்த நிமிடத்திலேயே தெரிந்துபோகும்.

கைதிகளோடும் பேசுவார். எல்லாக் கைதியும் உண்மை சொல்வதில்லை, எல்லாக் காவலரும் பொய் சொல்வதில்லை. ஆனால் தனித்தனியாக இருக்கும் ஆறு பேர், ஒருவரை ஒருவர் கேட்காமல், “ஞாயிற்றுக்கிழமை ராத்திரி யாரும் இந்தப் பக்கம் வரவே இல்லை” என்று சொன்னால், அடுத்து எந்தப் பதிவேட்டை எடுப்பது என்று ஆய்வாளருக்குத் தெரிந்துவிடும்.

பதிவேடும் வராந்தாவும்

இந்த வேலையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. ஜெயிலில் எல்லாவற்றுக்கும் தாள் உண்டு. காவலர் சுற்றிவந்த நேரம், மருந்து கொடுத்த நேரம், சாப்பாடு கொடுத்த நேரம். தாளில் இருப்பது வராந்தாவில் நடந்ததா? ஆய்வாளர் சம்பளம் வாங்குவது இந்த ஒரு கேள்விக்காக.

ஓர் இரவின் பதிவேட்டில் 1.00, 2.00, 3.00, 4.00 என்று மணிபோல் எழுதியிருந்தால் அனுபவசாலிக்குச் சந்தேகம் வரும். உண்மையில் நடப்பவர் 12.53க்கு ஒருமுறை, 1.41க்கு ஒருமுறை என்று போவார். நடுவில் யாரோ வாந்தி எடுத்திருப்பார், போன் அடித்திருக்கும். நேரம் அத்தனை அழகாக இருந்தால், விடியற்காலையில் காபி குடித்துக்கொண்டே மொத்தமாக எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படிச் சந்தேகம் வந்தால் கேமராப் பதிவைக் கேட்டு வாங்கி, தாளையும் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். வட கரோலினா மாநிலத்தின் விதி இன்னும் ஒருபடி மேலே போய், மணிக்கு இரண்டு முறையாவது பார், அதுவும் ஒழுங்கில்லாத இடைவெளியில் பார் என்கிறது. காவலர் எப்போது வருவார் என்று உள்ளே இருப்பவருக்கு மனப்பாடமாகிவிடக் கூடாது என்பதற்காக.

தாளும் நடப்பும் விலகினால் என்னாகும் என்பதற்கு உலகமறிந்த உதாரணம் 2019 ஆகஸ்டில் நியூயார்க்கில், பாலியல் குற்ற வழக்கில் கைதாகியிருந்த கோடீஸ்வரர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் இறந்தது. அது கூட்டாட்சிச் சிறை. நான் சொல்லும் மாநில ஆய்வாளர்களுக்கு அங்கே வேலையில்லை. ஆனால் அன்றிரவு பணியில் இருந்த இரண்டு காவலர்கள், சுற்றிவராமலே வந்ததாகப் பதிவேட்டில் எழுதியதற்காக வழக்கைச் சந்தித்தார்கள், பிறகு ஒப்புக்கொள்ளவும் செய்தார்கள்.

டெக்சாஸுக்கு அப்படியொரு பெயர் சாண்ட்ரா பிளாண்ட். 2015 ஜூலை 10 அன்று, சிக்னல் போடாமல் லேன் மாறினார் என்று நிறுத்தப்பட்ட கார்; வாக்குவாதம் முற்றிக் கைது. வாலர் கவுண்டி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஜாமீன் 5,000 டாலர், வெளியே வர 500 டாலர் கட்டினால் போதும். மூன்று நாள் கழித்து, ஜூலை 13 காலையில், அறையில் தூக்கில் தொங்கிய நிலையில் கண்டெடுத்தார்கள். வயது 28. தற்கொலை என்று மருத்துவப் பரிசோதனை முடிவு வந்தது. நாடே கொந்தளித்தது.

அந்த வாரமே ஆணையம் ஜெயிலைச் சோதித்து இரண்டு மீறல்களை எழுதியது. ஒன்று, காவலர்களுக்கு மனநலப் பயிற்சி கொடுத்ததற்கு ஆதாரம் காட்ட முடியவில்லை. இரண்டு, அறுபது நிமிடத்துக்கு ஒருமுறை நேரில் பார்க்கவில்லை. இவற்றைத் தவிர இன்னொன்றும் வெளியே வந்தது: உள்ளே வாங்கும்போது நிரப்பிய படிவங்கள். முன்பு தற்கொலைக்கு முயன்றதுண்டா என்ற கேள்விக்கு ஒரு படிவத்தில் ஆம், இன்னொன்றில் இல்லை. இரண்டு தாளும் ஒரே கோப்பில் கிடந்தன. இந்த முரண்பாட்டை யாராவது கண்ணால் பார்த்து நின்றிருந்தால் முப்பது நிமிடக் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள்.

இதைவிட மனதைக் குடைகிற விஷயம் ஒன்று உண்டு. இதே ஜெயிலில் 2012இல் ஒரு கைதி தூக்குப்போட்டு இறந்தபோதும் ஆணையம் வந்து இதே மீறலை எழுதியிருந்தது: மணிக்கு ஒருமுறை பார்க்கவில்லை. கவுண்டி சரிசெய்துவிட்டதாகச் சொன்னது, தேர்ச்சியும் கிடைத்தது. மூன்று வருஷம் கழித்து அதே வரி மறுபடி.

2017இல் அவர் பெயரிலேயே சட்டம் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அமல். மனநலப் பிரச்சினை இருக்கலாம் என்று தகவல் கிடைத்தால் 12 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்ல வேண்டும், முன்பு அதற்கு 72 மணி நேரம் இருந்தது. ஜெயிலில் யாராவது இறந்தால் அந்த ஷெரிஃபே விசாரிக்கக் கூடாது, வேறொரு காவல் அமைப்பு விசாரிக்க வேண்டும். காவலர்களுக்கு எட்டு மணி நேர மனநலப் பயிற்சி. ஆபத்து அதிகமுள்ள அறைகளின் பக்கத்தில் மின்னணு உணரி அல்லது கேமரா. உணரி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, சுவரில் பதித்த ஒரு சின்னப் பொத்தான்; காவலர் கையிலுள்ள கருவியால் தொட்டால் நேரம் தானாகப் பதிவாகும். விடியற்காலைக் காபிக் கணக்குக்கு அது முற்றுப்புள்ளி. என்றாலும், காவலர் கதவு வரை வந்தார் என்பதற்குத்தான் பொத்தான் சாட்சி. உள்ளே எட்டிப்பார்த்தாரா என்பது அதற்குத் தெரியாது. கேமராப் பதிவு இன்னும் தேவைப்படுவது அதனால்தான்.

தவறினால் என்ன நடக்கும்?

ஆய்வு முடிந்த அன்றே நிர்வாகியிடம் முடிவைச் சொல்லிவிடுவார். மீறல் இருந்தால் விதிமீறல் அறிவிப்பு வரும். ஷெரிஃபுக்கும் கவுண்டியின் தலைமைக்கும் போகும். பொதுவாக முப்பது நாளுக்குள் என்ன செய்யப்போகிறோம் என்று பதில் கொடுக்க வேண்டும். தவறிய ஜெயில்களின் பெயர் ஆணையத்தின் இணையதளத்தில் ஏறும், உள்ளூர்ப் பத்திரிகை எடுத்துப் போடும். தேர்தலை எதிர்பார்க்கும் ஷெரிஃபுக்கு இதுவே போதுமான வலி.

சரிசெய்யவே இல்லையென்றால் விஷயம் ஒன்பது உறுப்பினர்களிடம் போகும். இத்தனை பேருக்கு மேல் வைக்காதே என்று வரம்பு போடலாம், ஜெயிலையே மூடச் சொல்லலாம். அப்போது மிச்சக் கைதிகளை வேறு கவுண்டிக்கு அனுப்ப வேண்டும், செலவு அனுப்பும் கவுண்டியின் தலையில். காவலர் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் வேன் வாடகையிலும் அடுத்த கவுண்டியின் பில்லிலும் போய்விடும். ஹூஸ்டனை உள்ளடக்கிய ஹாரிஸ் கவுண்டி 2022இலிருந்து திரும்பத் திரும்பத் தவறிய பட்டியலில் வந்தது; 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாத காத்திருப்பு அறையில் ஆட்களை வைத்திருந்தது அதில் ஒரு காரணம். நெரிசலைச் சமாளிக்க அந்தக் கவுண்டி தன் கைதிகளை லூசியானாவுக்கும் மிசிசிப்பிக்கும்கூட அனுப்பியிருக்கிறது. உறவினர்கள் மனுப் போட்டுப் பார்க்க எவ்வளவு தூரம் வண்டி ஓட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்டிப்பது ஆய்வாளரின் கையில் இல்லை. அவரிடம் இருப்பது அறிக்கை. அதோடு ஆலோசனை சொல்வதும் அவர்கள் கடமை: புதிய ஜெயிலின் வரைபடத்தை ஆணையம் பார்த்துச் சொல்லும், எத்தனை காவலர் தேவை என்று கணக்குப் போட்டுத்தரும். காலையில் பரீட்சை வைத்தவரே மாலையில் டியூஷன் எடுப்பது போன்ற நிலை. நட்பு கூடிவிட்டால் கண் மங்கும், அதிகாரம் கூடிவிட்டால் அடுத்தமுறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். விமர்சகர்கள் முதல் குறையைத்தான் அதிகம் சொல்கிறார்கள்.

வேறு மாநிலங்களில் எப்படி? கலிபோர்னியாவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு. வட கரோலினாவில் ஆண்டுக்கு இரண்டு முறை, அதுவும் சுகாதாரத் துறையின் கீழ். ஃபுளோரிடாவில் மாநில அரசு 1990களில் விலகிக்கொண்டது. ஒரு கவுண்டி ஜெயிலை வேறு கவுண்டிகளின் பயிற்சி பெற்ற ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். மாநில அளவில் ஆய்வே இல்லாத மாநிலங்களும் உண்டு.

வேலைக்கு யார் போகலாம்?

பெரும்பாலும் ஜெயிலுக்குள் வேலை பார்த்தவர்களே போகிறார்கள். காவலராகச் சேர்ந்து, சார்ஜென்ட், லெப்டினென்ட் என்று ஏறி, ஒரு ஜெயிலை நடத்திய அனுபவத்தோடு வருபவருக்கு எந்த மூலையைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். டெக்சாஸில் கவுண்டி ஜெயில் காவலருக்கே மாநிலச் சட்ட அமலாக்க ஆணையத்தின் உரிமம் வேண்டும். அந்த உரிமமும் சில ஆண்டு அனுபவமும் உள்ளவருக்கு முன்னுரிமை கிடைப்பது இயல்பு. படிப்பு என்று பார்த்தால் குற்றவியல் நீதி, பொது நிர்வாகம் மாதிரிப் பட்டங்களை விளம்பரங்களில் கேட்பார்கள். பல இடங்களில் பட்டத்துக்குப் பதில் அனுபவத்தையும் ஏற்றுக்கொள்கிறார்கள். பின்னணிச் சோதனை கட்டாயம். ஓட்டுநர் உரிமம் இல்லாமல் விண்ணப்பிக்கவே வேண்டாம்: டெக்சாஸின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு காரில் ஒரு பகல் முழுக்க ஆகும், மாதத்தில் பல இரவுகள் மோட்டல் அறையில்தான்.

சேர்ந்தபின் படிப்பு முடிவதில்லை. விதிப்புத்தகம், தீயணைப்பு விதி, கட்டட வரைபடம் படிப்பது, நீதிமன்றத் தீர்ப்புகள். கைதியின் கடுமையான மருத்துவத் தேவையைத் தெரிந்தே அலட்சியப்படுத்துவது அரசியலமைப்பு மீறல் என்று 1976இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் டெக்சாஸ் கைதி ஒருவரின் வழக்கில்தான். ஜெயில் ஆய்வாளர்களுக்காகக் கூட்டாட்சி அரசின் தேசியச் சீர்திருத்த நிறுவனம் பயிற்சிகள் நடத்திவந்திருக்கிறது. இதே துறையில் இன்னொரு கிளையும் உண்டு: 2003ஆம் ஆண்டின் சிறைப் பாலியல் வன்முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ், நீதித்துறையின் சான்று பெற்ற தணிக்கையாளர்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிறைகளைப் பார்க்கிறார்கள். அந்தச் சான்றுக்குத் தனியாக விண்ணப்பித்துப் பயிற்சி முடிக்க வேண்டும்.

விளம்பரத்தில் எழுதாத ஒரு தகுதி, என் கணக்கில் முதல் தகுதி, எழுதத் தெரிவது. “கண்காணிப்பு போதாது” என்று எழுதினால் கவுண்டியின் வக்கீல் அதை ஊதித் தள்ளிவிடுவார். “இந்தத் தேதியில், இந்த அறையில், 11.05க்கும் 1.20க்கும் நடுவே யாரும் பார்க்கவில்லை, பதிவேட்டில் 12.00 என்று இருக்கிறது, கேமராவில் அந்த நேரம் வராந்தா காலியாக இருக்கிறது” என்று எழுதினால் வக்கீலுக்குப் பேச ஒன்றும் இருக்காது. பழைய சகாக்களைப் பற்றி இப்படி எழுத மனசு வர வேண்டும். ஜெயிலிலிருந்து வந்தவர்களுக்கு இதுதான் கடைசிவரை கஷ்டமாக இருக்கும்.

டெக்சாஸில் இருக்கிறீர்கள் என்றால் உங்கள் கவுண்டியின் பெயர் தவறிய பட்டியலில் இருக்கிறதா என்று ஆணையத்தின் தளத்தில் நீங்களே பார்க்கலாம். அறிவிப்பு ஒன்றிரண்டு பக்கம்தான் இருக்கும். எந்த விதி, என்ன நடந்தது என்று இரண்டே விஷயம். இதற்கு முந்தைய அறிவிப்பு கிடைத்தால் அதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், அதே விதி எண் மறுபடி வருகிறதா என்று.